அரைத்த மாவையே அரைக்கலாமா?

நெல்லைச் சீமையில் கோடை பிறந்தால் கொடையும் பிறந்துவிடும்.

ஊருக்கு ஊர் பந்தல். தெருவுக்குத் தெரு மேளம். திருநெல்வேலி டவுணில் சுடலைமாடன் கோயில் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. தாமிரபரணிக் கரை நெடுகிலும் மாடனுக்குப் பீடம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கொடை அன்று இரவு வில்லுப்பாட்டு. நீண்ட வில். அதில் வரிசையாக மணிகள். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண் குடம். பக்கத்தில் உடுக்கை, தாளம். நடுவில் அமர்ந்திருக்கும் புலவர் இரண்டு கையிலும் வீசுகோலை எடுக்கிறார். நாணில் ஓங்கி ஓர் அடி! மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்குகின்றன. கூட்டம் அடங்குகிறது.

என்ன கதை? சுடலைமாடன் கதைதான். கைலாயத்தில் விளக்குச் சுடரில் பிறந்த மாடன். பூலோகம் வந்த மாடன். மலையாள மந்திரவாதியை மடக்கிய மாடன். போன வருடமும் இதே கதை. தாத்தா காலத்திலும் இதே கதை. முடிவு தெரியாதவர் பந்தலில் ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே மனப்பாடம்.

அப்படியும் யாரும் எழுந்து போவதில்லை. மாடன் பிறக்கும் கட்டம் வந்ததும், மடியில் தூங்கும் குழந்தையைத் தாய் தட்டி எழுப்புகிறாள். "எய்யா, முழிச்சுக்கோ. மாடன் பொறக்கப் போறான்" என்கிறாள்.

அதே தாய் மறுநாள் டி.வி. முன்னால் உட்காருகிறாள். ஏதோ ஒரு படம். பத்து நிமிடம் பார்க்கிறாள். "சவம், அரச்ச மாவையே அரைக்கானுவ!" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஏன் இந்த வித்தியாசம்? வில்லுப்பாட்டு மட்டும் புது மாவா?

ஆச்சிக்குத் தெரியாத கதை

டவுணில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு இது.

"ஆச்சி, இது புதுப்படம்!" என்கிறான் பேரன்.

"போல! அண்ணன் தம்பி சின்னதுல பிரிஞ்சு, ஒரு பாட்டால ஒண்ணு சேருவானுவ. இத நான் 'நாளை நமதே'யிலயே பாத்தாச்சுல்லா!" என்கிறாள் ஆச்சி.

ஆச்சி சொன்னது சரி. ஆனால் ஆச்சிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எம்.ஜி.ஆர். நடித்த 'நாளை நமதே' 1975-ல் வந்தது. அதுவே 1973-ல் வந்த 'யாதோன் கி பாராத்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம்தான்!

இப்படித் தேடிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்போம்? 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' வந்தது. 1958-ல் அதே பெயரில் சிவாஜி கணேசன் நடித்தார். இரண்டுக்கும் மூலம் பிரெஞ்சு நாட்டு எழுத்தாளர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதை. 'அம்பிகாபதி' 1937-ல் ஒன்று, 1957-ல் ஒன்று. முந்தியதில் பாகவதர். பிந்தியதில் சிவாஜி. அந்தக் காலத்துப் படமெல்லாம் சொந்தக் கற்பனை, இந்தக் காலத்துப் படமெல்லாம் கடன் சரக்கு என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடன் வாங்காத காலமே சினிமாவுக்கு இருந்தது இல்லை. கடன் வாங்கியவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

பாபநாசத்துக்கு வந்த குடும்பம்

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். மேற்கே பஸ் ஏறினால் பாபநாசம். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு படம் வந்தது. 2015-ம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான கமல்ஹாசன் படம்.

அதன் மூலம் மலையாளத்தில் 2013-ல் வந்த 'திருஷ்யம்'. எழுதி டைரக்ட் செய்தவர் ஜீத்து ஜோசப். தமிழிலும் அவரே டைரக்டர். தகப்பன், தாய், இரண்டு பெண்கள். தகப்பன் கேபிள் டி.வி. தொழில் செய்கிறவர். அதிகம் படிக்காதவர். ஒரு ராத்திரி அந்தக் குடும்பத்தின் மேல் இடி விழுகிறது. போலீஸ் வாசலுக்கு வருகிறது. குடும்பத்தைக் காப்பாற்றத் தகப்பன் ஒரு பொய்யைக் கட்டுகிறார். (இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். ஆகவே முடிவு இங்கே வேண்டாம்.)

அந்தப் பொய்யைக் கட்டும் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது? சினிமாவிலிருந்து! கேபிள் ஆபீசில் ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்த படங்களிலிருந்து. இந்தப் படத்தில் ஒரு துண்டு, அந்தப் படத்தில் ஒரு துண்டு என்று எடுத்து ஒட்டித்தான் அவர் தப்பிக்கப் பார்க்கிறார். பழைய சரக்கை எடுத்துப் புதிதாகப் பயன்படுத்துவது எப்படி என்று, மறுபதிப்புப் படம் ஒன்றே கதையாகச் சொல்லிவிட்டது!

மலையாளத்தில் ஜார்ஜ்குட்டி. தமிழில் அவர் சுயம்புலிங்கம் ஆனார். பேச்சு நெல்லைப் பேச்சாயிற்று. வசனம் எழுதியவர் ஜெயமோகன். இடுக்கி மலையோரத்துக் குடும்பம் பொதிகை மலை அடிவாரத்துக்குக் குடி வந்தது. வாடகை வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி வந்தார்கள். சினிமாவில் நெல்லைப் பேச்சு பெரும்பாலும் சிரிப்பு நடிகருக்கே ஒதுக்கப்பட்டது. ஏலே என்றால் தியேட்டர் சிரிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். இந்தப் படத்தில் அதே பேச்சு ஒரு தகப்பன் வாயில் அழுதது. எடுத்த கதைக்குக் கொடுத்த வட்டி என்று இதைச் சொல்லலாம்.

'திருஷ்யம்' அதோடு நிற்கவில்லை. கன்னடம், தெலுங்கு, இந்தி என்று போயிற்று. 2017-ல் இலங்கையில் சிங்களப் படமாயிற்று. 2019-ல் சீனாவில் எடுத்தார்கள். சீனப் படத்தில் ஒரு பெரிய மாற்றம். அங்கே தகப்பன் கடைசியில் தானாகவே போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். கதை ஒன்றுதான். ஊர் மாறினால் நியாயமும் மாறுகிறது பாருங்கள்.

ஒரே நாடகம், ஆயிரம் இரவு

இந்த வித்தை நெல்லைச் சீமைக்குப் புதிது அல்ல.

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்தார். ஊர், காட்டுநாயக்கன்பட்டி. இன்று தூத்துக்குடி மாவட்டம். அன்று நெல்லை ஜில்லா. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதிய நாடகங்களில் எந்தக் கதை புதிது? எல்லாம் பாட்டி சொன்ன கதை. புராணத்தில் இருந்த கதை. தெருவில் கூத்தாடிய கதை. சுவாமிகள் அவற்றுக்குப் பாட்டும் வசனமும் கொடுத்து மேடையில் ஏற்றினார். 1922-ல் அவர் மறைந்தார். நாடகம் மறையவில்லை.

அவர் நாடகங்களை நம்பியே 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை வளர்ந்தது. முருகன் வேடக்காரர் ஓர் ஊர். வள்ளி வேடக்காரி வேறு ஊர். நாரதர் மூன்றாவது ஊர். ஒத்திகையே கிடையாது. மேடையில்தான் சந்திப்பு! ஆனாலும் நாடகம் பிசகாமல் நடக்கும். சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் அத்துப்படி.

பாடம் ஒன்று என்றால் அலுத்துப்போகாதா? அங்கேதான் தர்க்கம் வருகிறது. வள்ளியும் நாரதரும் எதிரெதிரே நின்று வாதம் செய்வார்கள். அது புத்தகத்தில் இல்லாதது. அன்றைக்கு, அந்த நிமிடத்தில் வாயில் பிறப்பது. நேற்றைய பதிலை இன்று சொன்னால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். விடிய விடிய உட்கார்ந்தது கதைக்காக அல்ல, அந்தத் தர்க்கத்துக்காக.

வில்லுப்பாட்டிலும் அப்படித்தான். மாடன் கதைக்கு நடுவே ஊர்ச் சண்டை வரும். விலைவாசி வரும். பக்கத்துத் தெருக் கஞ்சன் வருவான். குடக்காரர் "ஆமா!" போடுவார். பந்தல் குலுங்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் புலவர் மாடனிடம் திரும்பிவிடுவார்.

அந்த வில்லையே வேறு கதைக்கு வளைத்தவர்களும் உண்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் காந்தி மகான் கதையைச் சொன்னார். அதை எழுதிக் கொடுத்தவர் சுப்பு ஆறுமுகம். நெல்லைக்குப் பக்கத்தில் சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2022-ல் காலமானார். மாடனைப் பாடிய வில் மகாத்மாவைப் பாடியது. வில் பழசு. விஷயம் புதிது.

பேசும் படம் தமிழில் 1931-ல் வந்தது. புதிய கலை, புதிய யந்திரம். கதைக்கு எங்கே போனார்கள்? நேராக நாடக மேடைக்குத்தான். 'பவளக்கொடி' 1934-ல் படமாயிற்று. மேடையில் அதில் நடித்துப் புகழ் பெற்ற எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியுமே படத்திலும் நடித்தார்கள். பாட்டுகள் சுமார் 50! அதில் சுகமும் இருந்தது, நஷ்டமும் இருந்தது. பாட்டு வந்துவிட்டது. ஆனால் தர்க்கம் வரவில்லை. படம் ஒரு தடவை எடுத்தால் எடுத்ததுதான். நேற்று சொன்ன பதிலையே அது இன்றும் சொல்லும். நாளையும் சொல்லும்.

கோர்ட்டுக்குப் போன குடிகாரன் கதை

அப்போதே கதைத் திருட்டு வழக்கும் வந்துவிட்டது.

1936-ல் 'சதிலீலாவதி' என்ற படம் வந்தது. எம்.ஜி.ஆருக்கு அது முதல் படம். சின்ன வேடம். கதாநாயகன் எம்.கே.ராதா. டைரக்டர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். கதை, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ்.எஸ்.வாசன் எழுதியது. குடியால் ஒரு குடும்பம் சீரழிவதுதான் விஷயம்.

அதே சமயம் 'பதிபக்தி' என்ற நாடகம் மேடையில் புகழ் பெற்றிருந்தது. எழுதியவர் தெ.பொ.கிருஷ்ணசாமிப் பாவலர். அதிலும் குடிகாரன். அதிலும் சீரழியும் குடும்பம். 'பதிபக்தி' தரப்பார் கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் கதையைத் திருடிவிட்டார்கள் என்றார்கள்.

வாசன் சாட்சி சொன்னார். என்ன சொன்னார் தெரியுமா? இரண்டு கதையுமே 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவலிலிருந்து வந்தவை என்றார்! திருமதி ஹென்றி உட் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 1860-ல் மதுவிலக்குக்காக எழுதிய நாவல் அது. வாதியும் பிரதிவாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். வழக்கு அதோடு அடங்கிற்று.

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் யோசித்தால் சிரிப்பு நிற்கிறது. கிணறு வெட்டிய அந்த அம்மாளின் பெயர், வழக்கு வந்திருக்காவிட்டால் தமிழ் ரசிகர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. ஆர்.ஜி.ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தம்முடைய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைக் காப்பி அடித்து 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தை 1956-ல் எடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கு அது. அவர் தோற்றார். எண்ணத்துக்கு, கருவுக்கு, விஷயத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதைச் சொல்லிய விதத்துக்கே உரிமை உண்டு என்றது கோர்ட்டு.

அதாவது, எண்ணம் என்பது ஊர்ப் பொட்டல். யாரும் நடக்கலாம். அதில் கட்டிய வீட்டுக்குத்தான் பட்டா.

சட்டம் அப்படி. நியாயம் அதோடு முடிந்துவிடுகிறதா? வாய்ப்புத் தேடிக் கம்பெனி வாசலில் நிற்கும் இளைஞன் ஒருவன். கையில் ஒரு கதை. மனசில் ஒரு கரு. அவனிடம் வீடும் இல்லை, பட்டாவும் இல்லை. இருப்பது அந்தக் கரு மட்டுமே. அதைச் சொல்லாமல் வாய்ப்புக் கிடைக்காது. சொல்லிவிட்டால் கருவே கையில் தங்குமா என்பது தெரியாது.

2018-ல் 'சர்கார்' படத்துக்கு இப்படி ஒரு தகராறு வந்தது. கள்ள ஓட்டால் தன் ஓட்டை இழந்தவன் கதை என் கதை என்றார் ஓர் இளம் உதவி டைரக்டர். எழுத்தாளர் சங்கத்தில் அவர் முன்பே பதிந்து வைத்திருந்தார். சங்கத் தலைவராக இருந்த கே.பாக்யராஜ் இரண்டிலும் ஒற்றுமை இருக்கிறது என்றார். படத்தின் டைரக்டர் மறுத்தார். ஐகோர்ட்டு வரை போனது. கடைசியில் சமரசம். அந்த இளைஞரின் பெயரைப் படத்தில் காட்டுவது என்று முடிவாயிற்று.

ஒரு பெயர். திரையில் சில வினாடி. அதற்கு அவ்வளவு பாடு!

பாட்டிலும் இதே பாடுதான். 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 2024-ல் சக்கைப் போடு போட்டது. 1991-ல் வந்த 'குணா' படப் பாட்டு அதில் முக்கியமான இடத்தில் ஒலித்தது. தியேட்டரில் கைதட்டல் வானைப் பிளந்தது. பாட்டுக்கு இசை அமைத்த இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உரிமை பெற்றே பயன்படுத்தினோம் என்றார்கள் பட அதிபர்கள். யார் பக்கம் சரி என்பது இருக்கட்டும். சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி, படம் தியேட்டரில் ஓடுவது நீங்கலாக மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் பங்கு உண்டு. எழுதிக் கொடுத்துவிட்டாலும் அந்தப் பங்கு போகாது. அதற்கு முன்னால் எத்தனை கவிஞர்கள் ஒரே சம்பளத்தோடு வீட்டுக்குப் போனார்கள்! அவர்கள் பாட்டு மட்டும் ரேடியோவில், கல்யாண வீட்டில், கோயில் கொடையில் இன்றும் சம்பாதிக்கிறது.

பட அதிபரின் பயம்

பட அதிபர்கள் ஏன் பழசைத் தேடுகிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மை. மீதி, பயம்.

படம் எடுக்கிறவர் பெரும்பாலும் வட்டிக்குக் கடன் வாங்கி எடுக்கிறார். கடன் கொடுக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி: "கதை ஓடுமா?" புதுக் கதைக்கு இதற்குப் பதில் கிடையாது. பக்கத்து மாநிலத்தில் ஓடிய கதைக்குப் பதில் உண்டு. வசூல் கணக்கைக் காட்டலாம்.

தெலுங்கில் 2003-ல் 'ஒக்கடு' ஓடியது. 2004-ல் அதைத் தமிழில் 'கில்லி' ஆக்கினார்கள். கர்நூலுக்குப் பதில் மதுரை. சார்மினாருக்குப் பதில் சென்னைக் கலங்கரை விளக்கம். விஜய் ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2024 ஏப்ரலில் அதே 'கில்லி'யை மறுபடி தியேட்டரில் வெளியிட்டார்கள். புதுப் படம் மாதிரி கூட்டம்! படம் முதலில் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் வசனத்தை முந்திக்கொண்டு சொன்னார்கள். மறுபதிப்பின் மறுவெளியீட்டுக்குத் திருவிழா.

இதில் தப்பு இல்லை. பழைய படத்தைப் பழைய படம் என்று சொல்லியே காட்டுகிறார்கள். பார்க்கிறவனும் தெரிந்தே போகிறான். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தைத் துலக்கி 2012-ல் திரையிட்டபோதும், 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 2015-ல் திரும்பி வந்தபோதும் தாத்தாக்கள் பேரன்களின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஓர் அழகு உண்டு.

தப்பு எங்கே? பழசைப் புதுசு என்று விற்பதில். நாயகன் பெயரையும் சட்டை நிறத்தையும் மாற்றிவிட்டு முழுக் காசு கேட்பதில். நான்கு பேர் உள்ள குடும்பம் டிக்கெட், தின்பண்டம், பஸ் செலவு என்று ஒரு மாலைக்குக் கொடுக்கும் பணம் சின்னப் பணம் அல்ல. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது அல்வா!

நெல்லைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மற்ற ஊரில் அல்வா கொடுத்தான் என்றால் ஏமாற்றினான் என்று பொருள். டவுண் ரத வீதியில் இலையில் வைத்துக் கொடுக்கும் அல்வா வேறு. கோதுமைப் பால், சீனி, நெய். இதில் ரகசியமே இல்லை. ஊருக்கே தெரிந்த பக்குவம். தினமும் அதே பண்டம். அப்படியும் சாயங்காலம் ஆனால் வரிசையில் நிற்கிறார்கள். கோதுமையைக் குறைத்து மாவைக் கூட்டினால் மறுநாளே தெரிந்துவிடும்!

மூன்று கர்ணன்கள்

சொன்ன கதையை மறுபடி எப்படிச் சொல்வது? கர்ணனையே எடுத்துக்கொள்ளலாம். தாய் ஆற்றில் விட்ட பிள்ளை. கொடுத்துக் கொடுத்தே அழிந்தவன். இந்தக் கதை தெரியாத தமிழன் உண்டா?

1964-ல் பி.ஆர்.பந்துலு அதை எடுத்தார். சிவாஜி கர்ணன். தேரும் கிரீடமும் பாட்டுமாகப் பாரதமே திரைக்கு வந்தது. 1991-ல் மணிரத்னம் 'தளபதி' எடுத்தார். அங்கே ஆறு இல்லை, கூட்ஸ் ரயில். தாய் பிள்ளையைச் சரக்குப் பெட்டியில் விடுகிறாள். துரியோதனன் ஊர்த் தாதா ஆனான். அர்ச்சுனன் கலெக்டர் ஆனான். கிரீடத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் கர்ணன் கர்ணன்தான் என்று தெரிந்தது.

2021-ல் மூன்றாவது கர்ணன் வந்தான். எடுத்தவர் மாரி செல்வராஜ். இந்தத் தென்சீமை மண்ணில் பிறந்த டைரக்டர். தனுஷ் நடித்த அந்தக் கர்ணன் அரசகுமாரன் அல்ல. அவன் ஊரில் பஸ் நிற்காது. கர்ப்பிணிக்கும் நிற்காது, காலேஜ் போகும் பெண்ணுக்கும் நிற்காது. பஸ் நிற்க வேண்டும் என்று ஓர் ஊர் கேட்பதுதான் அங்கே குருக்ஷேத்திரம். பெயர்கள் மட்டும் பாரதத்திலிருந்து வந்தவை. வலி முழுவதும் இந்த மண்ணில் விளைந்தது. இவரே 2018-ல் எடுத்த முதல் படத்துக்கும் இந்தப் பக்கத்துச் சாமி ஒன்றின் பெயரைத்தான் வைத்தார். 'பரியேறும் பெருமாள்.' குதிரை ஏறி வரும் தெய்வத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு கிராமத்துப் பையன் நெல்லைச் சட்டக் கல்லூரி வாசலில் வந்து நின்றான்.

மூன்றும் ஒரே கதை என்று யாராவது எழுந்து போனார்களா?

பட்டனுக்குப் போட்ட ஒட்டு

மறுபடி சொல்கிறவர் கதையில் எதைச் சேர்க்கிறார் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எதை வெட்டுகிறார், எதை மறைக்கிறார் என்று பார்ப்பவர் குறைவு. இதற்கும் தாமிரபரணிக் கரையிலேயே சாட்சி இருக்கிறது. அது முத்துப்பட்டன் கதை.

வில்லுப்பாட்டில் மாடன் கதைக்கு அடுத்தபடி உருக்கமாகப் பாடும் கதை இது. முத்துப்பட்டன் பிராமண வாலிபன். அண்ணன்மாரோடு பிணங்கி மலையாளம் போனவன். திரும்பி வரும் வழியில், காட்டில் பாட்டுக் குரல் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு பெண்கள். தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மக்கள். பட்டன் மனசைப் பறிகொடுக்கிறான்.

தகப்பனிடம் போய்ப் பெண் கேட்கிறான். வாலப்பகடை நிபந்தனை போடுகிறான். பூணூலைக் கழற்று. குடுமியை அறு. செருப்புத் தைக்கக் கற்றுக்கொள். அப்புறம் பார்க்கலாம் என்கிறான். பட்டன் செய்துகாட்டுகிறான்! குலத்தை உதறிச் செருப்புத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்துப் பெண்களை மணக்கிறான். கல்யாண இரவிலேயே மாமனின் மாடுகளைத் திருடர்கள் ஓட்டிப் போகிறார்கள். பட்டன் தடுக்கப் போய் உயிரை விடுகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

எவ்வளவு பெரிய கதை! எவ்வளவு துணிந்த கதை!

இந்தக் கதைக்குப் பிற்காலத்தில் ஒரு ஒட்டுப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம். காட்டில் கிடந்தார்களாம். வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். ஆகவே பட்டன் தன் குலத்திலேயே பெண் கட்டினான் என்று ஆகிவிடுகிறது. குலமும் தப்பித்தது, கதையும் தப்பித்தது! நாங்குநேரியில் 1917-ல் பிறந்து நாட்டுப் பாடல்களைத் தேடித் தேடிப் பதிப்பித்த பேராசிரியர் நா.வானமாமலை, இந்த ஒட்டு பின்னால் நுழைத்தது என்றே கருதினார்.

சினிமாவில் இதைத் தினமும் பார்க்கிறோம். ஏழைப் பெண்ணைக் காதலித்த ஜமீன் பிள்ளைக்குக் கடைசி ரீலில் ஒரு சங்கதி தெரியும். அவள் ஏழையே அல்ல, ஜமீன் வீட்டில் காணாமல் போன பெண்! மச்சம் சாட்சி, சங்கிலி சாட்சி. எல்லோரும் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இந்த முடிவு எந்த நாட்டுப் படத்தில் காப்பி அடித்தது என்று தேடுகிறார்கள். வேறு எங்கும் தேட வேண்டாம். பட்டனுக்கு ஒட்டுப் போட்ட அதே பயத்தில் பிறந்தது அது. யாருக்கும் கோபம் வரக் கூடாது என்ற பயம்.

வாலப்பகடை போட்ட நிபந்தனையை வெட்டவும் முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை. அதனால் பெண்ணின் பிறப்பை மாற்றினார்கள். ஆனால் பிறப்பை மாற்றிய பிறகு, பட்டன் பூணூலைக் கழற்றியதற்கு என்ன அர்த்தம்? அவன் ஊசியும் தோலுமாக உட்கார்ந்ததற்கு என்ன அர்த்தம்? கதையின் உயிர் நாடியே அங்கேதான் துடிக்கிறது.

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுப் பக்கம் காட்டுக்குள் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நெல்லைச் சீமையே அங்கே திரளும். குடும்பம் குடும்பமாகப் பெட்டி படுக்கையோடு போவார்கள். ஆற்றில் குளித்து, பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள்.

அந்தக் கோயிலில் பட்டனுக்கும் ஒரு சன்னதி உண்டு. பட்டவராயன் என்று பெயர். பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோடு இருக்கிறார்கள். கதையில் ஒட்டுப் போட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சனங்கள் நேர்ந்துகொண்டு பட்டவராயனுக்குக் கொண்டுவந்து வைக்கும் காணிக்கை இன்றும் மாறவில்லை.

அது ஒரு ஜோடி தோல் செருப்பு.